நின்ற தறியின் கணக்கு

சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருவில் கரண்ட் போகிற நிமிஷத்தைக் காதால் அறிந்துகொள்ளலாம். அதுவரை ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் தடதடத்துக்கொண்டிருந்த தெரு ஒரே மூச்சில் அடங்கிவிடும். நாடா பாவுக்குள் பாதி வழியில் நின்றிருக்கும். தறிக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வருவார். எதிர்வீட்டுக்காரரும் வந்திருப்பார். “எப்ப வருமாம்ணே?” “லைன்ல வேலையாம்.” அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. உள்ளே ஒரு பெண், சுற்றி முடித்த தார்களைப் பெட்டிக்குள் எண்ணி அடுக்கிக்கொண்டிருப்பார்.

இந்த அரைமணி நேரத்துக்குப் பணம் யார் கையிலிருந்து போகிறது? உற்பத்தி மேலாண்மை என்று பி.பி.ஏ., எம்.பி.ஏ. வகுப்புகளில் நடத்தப்படும் பாடத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி. பாடநூல்கள் அப்படித் தொடங்குவதில்லை. நடுவில் ஒரு பெட்டி, இடப்பக்கம் இடுபொருள், வலப்பக்கம் விளைபொருள், இரண்டையும் சேர்க்க ஓர் அம்புக்குறி. மூலப்பொருள், ஆள், இயந்திரம், பணம், நேரம் ஆகியவை உள்ளே போகும். சரக்கோ சேவையோ வெளியே வரும். என்ன செய்வது, எவ்வளவு செய்வது, எங்கே, எப்போது, எந்தத் தரத்தில், எவ்வளவு செலவில் என்று தீர்மானிப்பதே மேலாளரின் வேலை. இதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் உண்டு என்பதையும், உள்ளே ஒரு மேலாளர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் நூல் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

சங்கரன்கோவில் சேலைக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. நூற்பாலையிலிருந்து வருகிற நூல் சாயப்பட்டறைக்குப் போய், பாவு ஓட்டுமிடத்தில் நீளமும் நிறவரிசையும் பெற்று, கஞ்சி ஏறி, பீமில் சுற்றப்பட்டுத் தறிக்கு வருகிறது. குறுக்கே ஓடவேண்டிய ஊடை நூல், நாடாவுக்குள் செருகும் தாராகத் தனியே சுற்றப்படுகிறது. நெய்த துணி மடிப்புக்குப் போய், கட்டாகி, வெளியூர்க் கடைக்கு லாரி ஏறுகிறது. இதில் ஒவ்வொரு படியும் வேறு வேறு ஆளின் கையில். நூலும் பாவும் ஜவுளி உற்பத்தியாளருடையவை; மாஸ்டர் வீவர் என்று அழைக்கப்படுபவர் அவர்தான். தறி சிறு உரிமையாளருடையது, அதை ஓட்டுபவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளி. தொழிற்சாலை என்று ஒன்று இருந்தால், அது தெருத்தெருவாகப் பரந்து கிடக்கிறது. பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய தொழில் வட்டாரங்களைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார். ஒரே தொழிலைச் செய்பவர்கள் ஓரிடத்தில் திரண்டால், திறமையும் செய்தியும் துணைத் தொழில்களும் அங்கே தானாக வளரும் என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் தறி நின்றால் நஷ்டம் எந்தக் கையில் போய் விழும் என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை.

முதலில் தறியையே ஒரு கணக்காகப் பார்ப்போம். சாதா விசைத்தறி ஒன்று நிமிஷத்துக்கு 120 ஊடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணியில் ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு 2 அங்குலம், மணிக்கு 3 மீட்டர் சொச்சம். 12 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 36 மீட்டருக்குமேல் வரவேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை என்றால் ஆறரை சேலை. எந்தத் தறியும் அப்படி ஓடாது. ஓடவேண்டியதில் எவ்வளவு பங்கு ஓடியது என்பதைத் திறன் என்கிறார்கள். முக்கால் பங்கு ஓடினால் 27 மீட்டர். ஒன்றரை சேலைக்கான நேரம் எங்கோ ஒழுகிப் போயிருக்கிறது.

எங்கே ஒழுகியது என்று தேடுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. தாரை எடுத்துக்கொள்ளுங்கள். 40-ஆம் நம்பர் நூல், 48 அங்குல அகலம். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு 40 நின்றால் அது 40-ஆம் நம்பர். அதாவது ஒரு கிராமில் 74 கெஜம். தறி நிமிஷத்துக்கு 160 கெஜம் ஊடையைத் தின்னும். ஒரு தாரில் 20 கிராம் நூல் இருந்தால் ஒன்பது நிமிஷத்தில் தீர்ந்துபோகும். தறியை நிறுத்தி, நாடாவை எடுத்து, காலித் தாரைக் கழற்றி, புதுத் தாரைச் செருகி, நூலைக் கண்ணில் கோத்து ஓட்டிவிடக் கைதேர்ந்தவருக்கு அரை நிமிஷம் போதும். அரை நிமிஷம்தானே என்று தோன்றும். பகல் முழுக்க எழுபது, எழுபத்தைந்து தடவை அதைச் செய்தால் அரைமணி நேரத்துக்கு மேலாகிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் துணி. இரண்டு மூன்று தறிகளை ஒருவரே பார்க்கும்போது, ஒன்றில் தார் மாற்றுகையில் இன்னொன்று நூல் அறுந்து நிற்கும். அந்தத் தறி, ஆள் வரும்வரை காத்திருக்கும். ஆளுக்கு எத்தனை தறி என்பது வெறும் கூலிப் பேரமாகத் தெரியும்; உள்ளே அது காத்திருப்புக் கணக்கு.

இந்த அரை நிமிஷத்தை ஒழிக்க ஒருவர் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டார். ஜப்பானின் சகிச்சி டொயோடா, 1896-இல் நீராவியில் ஓடும் தறியைச் செய்தவர். 1924-இல் முடிந்த அவருடைய ‘ஜி’ வகைத் தறியில் இரண்டு விசேஷங்கள். ஊடை தீரும்போது ஓட்டம் குறையாமலே நாடா தானாக மாறிக்கொள்ளும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானாக நிற்கும். ஒரு தொழிலாளி முப்பதுக்கும் மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929-இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிளாட்டே அன்று உலகுக்குத் தறி விற்றுக்கொண்டிருந்த நிறுவனம்! டொயோடாவின் குடும்பம்தான் பிறகு கார் செய்யப் போனது. 1932-இல் டொயோடா நூற்பு நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த தாய்ச்சி ஓனோ, 1943-இல் கார் நிறுவனத்துக்கு மாறி, இன்று உலகெங்கும் பாடமாக இருக்கும் டொயோட்டா உற்பத்தி முறையைக் கட்டியெழுப்பினார். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் செய்வது அதற்கு ஒரு கால். பழுது கண்டால் உடனே நிறுத்துவது மற்றொரு கால். இரண்டாவது கால் தறியிலிருந்து வந்தது.

நிர்வாகவியல் மாணவர்கள் டெட்ராய்ட்டைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை வந்ததும், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை மெல்ல மெல்ல 93 நிமிஷத்துக்கு இறங்கியது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த வரிசை நிற்கக்கூடாது. ஓனோவின் ஆலையில் பழுதைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். நிறுத்துகிற உரிமை ஆளுக்கு வந்ததும் பழுது மேலே ஏறாமல் பிறந்த இடத்திலேயே பிடிபட்டது.

இதைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தால் சிக்கல் உடனே தெரிகிறது. டொயோட்டா தொழிலாளிக்கு வரிசை நின்றாலும் சம்பளம் உண்டு. இங்கே கூலி, நெய்த அளவுக்கு. பாவில் இழை அறுந்ததைப் பார்க்கிற தறிக்காரர் நிறுத்திப் பிணைத்தால் நேரம் அவருடையது. ஓடவிட்டால் துணியில் விழும் கோடு வேறொருவருடையது. பழுதுக்காகக் கூலியில் பிடித்தம் இருந்தால் அந்தக் கணக்கு மறுபடி அவர் தலையில் வந்து விழும். அறுந்ததற்கு அவரா காரணம்? கஞ்சி சரியாக ஏறாமல் இருந்திருக்கலாம். நூலே பலவீனமாக இருக்கலாம். காய்ந்த காற்றில் பருத்தி நூல் வலுவிழக்கும் என்பது எந்தத் தறிக்காரருக்கும் தெரியும்.

யாருடைய குற்றம் என்று பிரித்துச் சொல்லவும் ஒரு கருவி இருக்கிறது. ‘ஜி’ தறி முடிந்த அதே 1924-இல் அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் ஒரே பக்கக் குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற ஒன்றை முன்வைத்தார். மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று தறிவாரியாக எழுதிவைத்தால், எல்லாத் தறியிலும் பொதுவாக உள்ள ஏற்ற இறக்கம் ஒரு பட்டைக்குள் அடங்கும். ஒரு தறி மட்டும் பட்டையைத் தாண்டினால் அந்தத் தறியையும் ஆளையும் பார்க்கலாம். பட்டையே மேலே ஏறினால் குறை நூலிலோ கஞ்சியிலோ காற்றிலோ. தறிக்காரரைத் திட்டிப் பயனில்லை. மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கே வந்து போனார். அவருக்குப் பின்வந்த டெமிங்கின் சொற்பொழிவுகளை 1950-இல் கேட்ட ஜப்பான் அதைத் தொழிலாக்கிக்கொண்டது. நம்மிடம் அது பெரும்பாலும் பரீட்சைக் கேள்வியாகவே தங்கிவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நேரத்தை யார் அளப்பது என்ற சண்டை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஃபிரெடரிக் டெய்லர், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு வேலையைத் துண்டு துண்டாக அளந்து, அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூலை 1911-இல் வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1908 பிப்ரவரி 27-இல், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஹார்வி கம்பெனியின் ஆலை அது. அதே கம்பெனி பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் 1885-லேயே நூற்பாலை தொடங்கியிருந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும், ஞாயிறு விடுமுறையும், வேலை நேரக் குறைப்பும் கேட்டார்கள். சில நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. தேச விடுதலைக் கதையாக மட்டுமே இதை நாம் சொல்லிவருகிறோம். உற்பத்தி மேலாண்மைப் பாடத்தின் முதல் அத்தியாயத்திலும் இது இருக்கலாம். டெய்லர் அளந்தது ஒரு மண்வெட்டி எத்தனை பவுண்டு அள்ளும் என்பதை. கோரல் மில்லில் கேட்கப்பட்டது, அந்த அளவைத் தீர்மானிக்கும் இடத்தில் அள்ளுகிறவனும் உண்டா என்பதை.

இந்தக் கேள்விக்குத் தறிக்கூடத்திலேயே கிடைத்த நல்ல விடை அகமதாபாத்தில் இருக்கிறது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் காலிகோ மில்லின் தானியங்கித் தறிக்கூடத்தைப் பார்த்தார். 224 தறிகள், 29 ஆட்கள், 12 வகை வேலை. ஒருவர் நெசவு மட்டும், ஒருவர் ஊடை நிரப்புவது மட்டும், இன்னொருவர் பழுது பார்ப்பது மட்டும். டெய்லர் முறைப்படி எல்லாம் கச்சிதம். ஆனால் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. எந்தத் தறிக்கும் முழுப் பொறுப்பு யாரிடமும் இல்லை. சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு இத்தனை தறி என்று மொத்தப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டால் என்ன என்று ரைஸ் கேட்டார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களுமே உட்கார்ந்து பேசி ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். திறன் ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறியது. பழுது 32 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. தறி அதே தறி, நூல் அதே நூல்.

சரக்கிருப்பு விஷயத்தைச் சற்று வேகமாகக் கடக்கலாம். ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் 1913-இல் கொடுத்த சூத்திரம் எல்லாப் பாடநூலிலும் இருக்கும். ஒரு தடவை வாங்குவதற்கோ பொருத்துவதற்கோ ஆகும் செலவையும், சரக்கை வைத்திருக்கும் செலவையும் சமன் செய்து எவ்வளவு வாங்குவது என்று சொல்லும். தறியில் இதன் உருவம் பாவின் நீளம். நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் பீமை இறக்கி, புதுப் பாவை ஒவ்வோர் இழையாகப் பழைய பாவோடு பிணைக்க வேண்டும்; அது முடியும்வரை தறி ஊமை. அதனால் நீளப் பாவு லாபம். கடைக்காரருக்கோ ஒரே நிறத்தில் நூறு சேலை வந்தால் தலைவலி. நூல் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகையில் ஹாரிஸின் சூத்திரத்தை யாரும் தொடுவதில்லை. அப்போது வாங்குவது கணிப்பு, சில நேரம் வெறும் தைரியம்.

தேவைக் கணிப்புக்கு வருவோம். எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் 1958-இல் ஒன்றைக் காட்டினார். கடையில் விற்பனை கொஞ்சம் அசைந்தால், மொத்த வியாபாரியிடம் அது பெரிதாகி, ஆலையில் இன்னும் பெரிதாகும். சாட்டையின் பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு. மதுரைக் கடையில் நாலு கட்டு தேங்கினால் உற்பத்தியாளர் அடுத்த பாவைத் தள்ளிப்போடுகிறார். சங்கரன்கோவில் தெருவில் அது காலி பீமாக வந்து நிற்கிறது. நுனியில் இருப்பவருக்குக் கடையில் என்ன நடந்தது என்றே தெரியாது. பாவு இல்லை என்பது மட்டும் தெரியும்.

விசைத்தறிக்கு இன்னொரு பெரிய வாங்குபவர், அரசு. எம்.ஜி.ஆர். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்குள் ஒன்றே முக்கால் கோடி அளவுக்குச் சேலையும் அதே அளவு வேட்டியும் போக வேண்டும். எவ்வளவு, எந்த நாளுக்குள் என்று முன்கூட்டியே தெரிந்த தேவை இது. பாடநூல் கனவு காணும் தேவை. ஆனி மாதத்திலேயே ஆர்டரும் நூலும் கைக்கு வந்தால் ஊர் சீராக ஓடும். ஐப்பசியில் வந்தால் ராப்பகல் ஓட்டம், அடுத்த மாசியில் சும்மா இருப்பது. மொத்த மீட்டர் ஒன்றுதான், ஆனால் வீட்டுக்கு வரும் கூலியின் வடிவம் வேறு.

சட்டமும் இந்தப் பெட்டிக்குள் கையை நுழைக்கிறது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 இனங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. இன்று அது 11. எனவே எதை நெய்வது என்ற முதல் முடிவே விசைத்தறிக்காரர் கையில் முழுதாக இல்லை. மின்சாரச் சலுகை இதைவிடச் சுவாரசியம். 2023-இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 540 யூனிட் பக்கம் வரும். ஆக 1,000 யூனிட் என்பது ஏறத்தாழ இரண்டு தறிக்கான வாழ்வு. பெருக்கினால் செலவு குறையும் என்று பாடநூல் சொல்கிறது. சலுகையோ சிறியவனாகவே இரு என்று காதோடு சொல்கிறது. சலுகை தவறென்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் பல வீடுகளில் தறியே இருந்திராது. ஆனால் ஊரின் தொழிற்சாலை எந்த அளவில் இருக்கும் என்பதை எந்த மேலாளரும் முடிவு செய்யவில்லை; மின்கட்டண அட்டவணைக்கும் அதில் பங்கு உண்டு.

தென்தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டைக் கேட்டால், நெசவைச் சொல்ல மாட்டேன்; கண் மருத்துவமனையைச் சொல்வேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. அங்கே அறுவை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் கண்புரை எடுத்து முடிக்கும்போதே அடுத்த மேசையில் செவிலியர் அடுத்த நோயாளியைத் தயாராக்கியிருப்பார்கள். மருத்துவர் திரும்பினால் போதும். மொத்த ஓட்டத்திலும் அரிதானது மருத்துவரின் கை. எல்லாரும் அந்தக் கைக்காகக் காத்திருக்கலாம், அந்தக் கை யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. நாடா தானாக மாறிக்கொள்ளும் தறியின் யோசனைதான் இது.

தறித்தெருவில் அப்படி அரிதானது எது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. ஒரு மாதம் பாவு, ஒரு மாதம் சாயம், சில நாள் ஆள், சில நாள் கரண்ட். இடுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அரவிந்தில் அதைப் பார்த்து மேசையை நகர்த்த ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது, நடுவில் சும்மா நிற்பவருக்கும் மாதச் சம்பளம் இருக்கிறது. இங்கே உற்பத்தியாளர் பாவைப் பார்க்கிறார், உரிமையாளர் தறியைப் பார்க்கிறார், தறிக்காரர் நாடாவைப் பார்க்கிறார். பாவு தாமதமானதால் நின்ற மூன்று நாளும், கஞ்சி கெட்டதால் போன அரை நாளும் யாருடைய நோட்டிலும் எழுதப்படுவதில்லை. நோட்டில் ஏறுவது நெய்த மீட்டர்தான். கூலி உயர்வுப் பேச்சு நடக்கும்போதும் பேசப்படுவது நெய்த துணிக்கு எத்தனை சதவீதம் என்பது. ஜப்பானியத் தறியும் அகமதாபாத் குழுவும் மதுரை மேசையும் சாதித்தது, நிற்கிற நேரத்தை முதலில் எழுதிவைத்து, பிறகு அதைத் தாங்கும் தோளை மாற்றியதால். நின்ற தறிக்கும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு, காரணம் இன்னது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறினால், பாவு ஓட்டுமிடத்துக்கு அடுத்த நாளே போன் பறக்கும் என்று நினைக்கிறேன்.

கரண்ட் வந்துவிட்டது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு தறி தடதடக்கத் தொடங்குகிறது, பிறகு இன்னொன்று. தறிக்காரர் உள்ளே போய், பாதி வழியில் நின்ற நாடாவை எடுத்துப் பார்க்கிறார். தாரில் இன்னும் நாலைந்து சுற்று மீதி இருக்கிறது. பெட்டியிலிருந்து நிறைத் தார் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே விசையைப் போடுகிறார்.